ராக்கையாவின் பச்சைக் கிதார்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் கிதாரைப் பார்த்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "என்ன டீச்சர், கிணத்து மோட்டார் கலர்ல இருக்கு?" மோட்டார் கலர்தான். மோட்டாருக்கு வாங்கி வைத்திருந்த பச்சைப் பெயின்ட்டைத்தான் ராக்கையா அண்ணன் இதற்கும் அடித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ராக்கையா அண்ணனுக்குக் கம்பம் ஊரில் காயில் கட்டுகிற கடை. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். எண்பதுகளில் ஏதோ ஒரு இசைக்குழுக்காரர் தன்னுடைய வெளிநாட்டு எலக்ட்ரிக் கிதாரைப் பழுது பார்க்க அவரிடம் கொண்டுபோயிருக்கிறார். திறந்து பார்த்தவர், "காந்தம், அதச் சுத்திக் கம்பி. இம்புட்டுத்தானா?" என்றாராம். அதோடு விட்டாரா? கேரளத்து எஸ்டேட்டில் வெட்டிய பலா மரத்தை ஜீப்பில் போட்டு இறக்கினார். அறுத்தார், இழைத்தார். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து, முடி மாதிரி மெல்லிய கம்பியை அதன்மேல் கையாலேயே சுற்றினார். மொத்தமே கொஞ்சம் கிதார்தான் செய்தார். கட்டப்பனைக்கு ஒன்று போனது, தேனிப் பக்கம் இரண்டு மூன்று. ஒவ்வொன்றின் தலையிலும் மோட்டாரில் அடிக்கிற தகரத் தகட்டை அடித்துவிடுவார். எங்கள் கிதாரிலும் இருக்கிறது, "ராக்கையா மோட்டார் ஒர்க்ஸ், கம்பம்" என்று. அதற்குக் கீழே குதிரைத்திறன் எழுதுகிற கட்டம் காலியாக இருக்கும்.

அதை வாங்கியவர் என் வீட்டுக்காரர் ரூபன். கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். "சின்னமனூர் எறங்கு!" என்று அவர் விடுகிற சத்தத்தில், தூங்குகிற கைப்பிள்ளை எழுந்து அழும். திருவிழாக் காலத்தில் கச்சேரி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாதா கோயிலில் பாடல் குழு. பூசையில் எல்லாரும் மௌனமாக முழந்தாளிட்டிருக்கும் நேரத்தில் இந்தப் பச்சைச் சனியன் மட்டும், அதை மாட்டியிருக்கிற ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளிருந்து "ங்ங்ங்" என்று இரைந்துகொண்டிருக்கும். சாமியார் பீடத்திலிருந்தே முறைப்பார். இவர் அதைத் தலையில் தட்டி அடக்குவார். அந்த இரைச்சல் அதன் பிறவிக் குணம்.

நான் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வாய் இந்த ஊருக்கே தெரியும். ஜெபஷீலா டீச்சர் வீட்டுச் சண்டையைக் கேட்கத் தெருவில் நின்று போன ஆட்கள் உண்டு. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். அப்படிச் சண்டை போட்டுத்தான் குடும்பம் நடத்தினோம், நன்றாகத்தான் நடத்தினோம்.

பீடி தொடாத மனுசன், பொடி போடாத மனுசன். அவர் தொண்டையில்தான் புற்று வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை. வாய் அசையும், காற்று வரும். அவர் வாயில் காதை ஒட்டி வைத்தால், அதுவும் வீடு சத்தமில்லாமல் இருந்தால், என்ன சொல்கிறார் என்று தெரியும். மைக்கைப் பிடித்துப் பார்த்தோம். புஸ் புஸ் என்று மூச்சுதான் வந்தது. கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்றை டாக்டர் கொடுத்தார். அதில் பேசினால் ஆஸ்பத்திரி லிஃப்ட் பேசுகிற மாதிரி இருந்தது. ஒரே நாளில் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். நான் திட்டுவேன். திருப்பித் திட்ட ஆள் இல்லை. எனக்கே என் சத்தம் பிடிக்காமல் போனது. வீடு வீடாகவே இல்லை.

இப்படியே இரண்டு வருசம் ஓடியது, கிதாரை அவர் தொடவே இல்லை. ஒரு சாயங்காலம் அவர் கிதாரை மடியில் வைத்துக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியில் சத்தத்தை முழுசாகத் திருப்பி வைத்திருந்தார். கச்சேரி மேடையில் கூச்சல் அதிகம் என்பதால், தாடையைக் கிதார் மரத்தில் அழுத்திவைத்துக்கொண்டு சுருதி சேர்ப்பது அவருக்குப் பழக்கம். அன்றும் அப்படித்தான் வைத்திருந்தார். கம்பி ஒன்று பட்டென்று அறுந்து கையில் அடித்தது. நான் அடுப்படியில் நிற்கிறேன். பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல், "சனியன் புடிச்ச கம்பி" என்றது.

என் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவர் மட்டும்தான். தாடை மரத்தில் இருக்கிறது. கண் என்னைப் பார்க்கிறது. உதடு அசைந்தது. கிழிந்த குரல்தான், இரைச்சலுக்கு நடுவில் தூரத்து ரேடியோ மாதிரிதான் வந்தது. ஆனால் அவர் குரல்.

"ஷீலா."

நான் அடுப்பை அணைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பெட்டி வழியாக, "ஏ கழுத, குழம்பு தீயுது பாரு" என்றார்.

தொண்டையில் மிச்சமிருந்த நடுக்கம் காற்றில் வராவிட்டாலும் தாடை எலும்பில் ஏறுகிறது, எலும்பு நடுங்கினால் மரம் நடுங்குகிறது, மரத்தோடு அந்தக் காயிலும் நடுங்கிப் பேசுகிறது என்று அவராகவே கண்டுபிடித்தார். பேசினால் தொண்டை நோகும். ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தைக்கு மேல் இழுக்க முடியாது. அதனால் வீட்டுப் பேச்சுக்கு அதைத் தொட மாட்டார். எதற்காகவோ சேமித்து வைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எதற்கு என்று கொஞ்ச நாளில் தெரிந்தது.

எங்கள் மகள் பெனிட்டாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. அவள் கோயம்புத்தூரில் நர்ஸ். மாப்பிள்ளை தேவாரத்துப் பக்கம். எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. பெண் கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டிலிருக்கும் இயேசு படத்துக்கு முன்னால் முழந்தாளிடுவாள். பெற்ற தகப்பன் அவள் நெற்றியில் சிலுவை போட்டு, எல்லார் காதிலும் விழும்படி வாய்விட்டு ஆசீர்வாதம் சொல்ல வேண்டும். எழுதிவைத்த செபம் கிடையாது. அவரவர் பிள்ளைக்கு அவரவர் வார்த்தை. சொல்லி முடித்ததும் கூடியிருக்கிறவர்கள் "ஆமென்" என்பார்கள். அதற்காகவே வாசலில் காத்திருக்கிற பேண்டு செட் அந்த ஆமெனுக்கு அடிக்க ஆரம்பிக்கும். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு மட்டும் பெரியப்பனோ மாமனோ சொல்வார்கள்.

இவருடைய அண்ணன் அருளப்பன் நல்ல மனசோடுதான் வந்தார். "தம்பி, நீ சிலுவையப் போடு. வார்த்தைய நான் சொல்லிர்றேன். யாரு சொன்னா என்ன?"

இவர் முகம் சுருங்கிப்போனது. வேகவேகமாகத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அண்ணன் போனதும் கிதாரை எடுத்தார். தாடையை வைத்தார். "நான் இன்னும் சாகல" என்றது பெட்டி.

அதன்பிறகு தினமும் ஒத்திகைதான். என்னை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார். கையைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவார். பிள்ளைதான் முதலில் கேட்க வேண்டுமாம். நான் மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டு, கீழே குரல் ஏறி இறங்குவதை மட்டும் கேட்பேன். வார்த்தை பிடிபடாது. அருளப்பன் அண்ணனுக்குச் சொல்லக் கூடாது, பெனிட்டாவுக்குச் சொல்லக் கூடாது, ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அன்றைக்கு எல்லாரும் வாயைப் பிளக்க வேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி ஆசை. நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னால் அது முடிந்தது என்பதே பெரிய அதிசயம்.

ஒரே ஒரு தொந்தரவு, அந்த இரைச்சல். சத்தத்தை ஏற்ற ஏற்ற அதுவும் ஏறியது. கூட்டத்தில் வார்த்தை மூழ்கிவிடுமோ என்று அவருக்குக் கவலை.

கல்யாண வாரத்தில் ராக்கையா அண்ணனின் மகன் ஈஸ்வரபாண்டி எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்தான். அப்பா காலமானபிறகு கடையை அவன்தான் நடத்துகிறான். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். ரூபனை மாமா என்றுதான் கூப்பிடுவான். கிதாரை எடுத்து, பெட்டியைப் போட்டு, இரைச்சலைக் கேட்டான்.

"மாமா, எங்கப்பா செஞ்ச சாமான் இப்படி எரையலாமா? பெனிட்டா கல்யாணத்துக்கு என் பரிசா இத நான் எடுத்துட்டுப் போறேன். புதுசாக்கித் தாரேன் பாருங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே சந்தோசம். "கல்யாணத்துக்கு மொத நாளு இங்கன இருக்கணும், ஏலே" என்றேன். "இருக்கும் டீச்சர்" என்றான்.

முதல் நாள் வரவில்லை. போன் போட்டால், "காஞ்சுக்கிட்டிருக்கு டீச்சர், காலையில கையில இருக்கும்" என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் எதிரில் இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பேன்.

கல்யாணத்தன்று காலையில் வீடு நிறைய ஆட்கள். பெனிட்டா சேலை கட்டி, பூ வைத்து, படத்துக்கு முன்னால் வந்துவிட்டாள். வாசலில் பேண்டு செட்காரர்கள் குழலைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அருளப்பன் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்போது பைக்கில் வந்து இறங்கினான் பாண்டி. புது வேட்டியில் கிதாரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தூங்காமல் வேலை பார்த்திருக்கிறான்.

"கோவிச்சுக்கிறாதீக டீச்சர். மாமா, இங்க பாருங்க. எங்கப்பா இதுல ஒரு தப்பு விட்டுருந்தாக. காயிலுக்கு வார்னிஷே போடல. கம்பியெல்லாம் லூசா, தொட்டா ஆடுது. எந்தக் காயிலா இருந்தாலும் வார்னிஷ்ல முக்கி எடுத்தாத்தான கம்பி அசையாம நிக்கும்? அதான் அந்த எரைச்சல். நல்லா ஊற வச்சு, சூடு காட்டி எடுத்துருக்கேன். இனி வீடே இடிஞ்சாலும் ஒரு கம்பி அசையாது."

அவனே பெட்டியில் மாட்டினான். அவனே சத்தத்தை முழுசாக ஏற்றினான். ஒரு இரைச்சல் இல்லை. பெட்டி உயிரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. ரூபன் முகத்தில் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கிதாரைத் தோளில் மாட்டினார். மகள் எதிரில் போய் நின்றார். கூட்டம் என்னமோ ஏதோ என்று பார்த்தது. தாடையை மரத்தில் வைத்தார். உதடு அசைந்தது.

ஒன்றும் வரவில்லை.

கிதாரில் சத்தம் கூட்டுகிற திருகைத் திருப்பினார். மறுபடி உதடு அசைந்தது. தாடையை இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டி கம்மென்று இருந்தது. பெனிட்டா நிமிர்ந்து அப்பாவையே பார்க்கிறாள். அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தும், என்ன நடக்கிறது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆடிக்கொண்டிருந்த அந்தக் காயில் கம்பிகள்தான் அவர் தொண்டையோடு சேர்ந்து ஆடியிருக்கின்றன. அவற்றை அசையாமல் கட்டிவிட்டான் இந்தப் பாவி. மோட்டாருக்கெல்லாம் வார்னிஷ் போட்ட ராக்கையா அண்ணன் இதற்கு மறந்திருக்க மாட்டார், தெரிந்தேதான் விட்டிருப்பார். இதை இனி யாரிடம் போய்க் கேட்பது?

"ஏலே பாண்டி..." என்று வாயைத் திறந்துவிட்டேன்.

ரூபன் திரும்பினார். உதட்டில் விரலை வைத்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். பிறகு பாண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்பியில் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். பெனிட்டாவைச் சின்ன வயதில் தூங்கவைக்க வாசிக்கிற மெட்டு. கண்ணாடி மாதிரிச் சுத்தமாக வந்தது. அந்தக் கிதார் அத்தனை வருசத்தில் அப்படி ஒலித்ததே இல்லை. வாசித்து முடித்ததும், இதுதான் அவர் வைத்திருந்த ஏற்பாடு என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள். பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"நேரமாச்சு தம்பி" என்று அருளப்பன் அண்ணன் முன்னால் வந்தார். இவர் கிதாரைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். பெனிட்டா முழந்தாளிட்டாள். இவர் நெற்றியில் சிலுவை போட்டார். அண்ணன்தான் கணீரென்று ஆசீர்வாதம் சொன்னார். நல்ல வார்த்தைகள்தான். எனக்கு ஒன்றுகூட நினைவில்லை. தகப்பன் உயிரோடு நிற்க, தகப்பனில்லாத பிள்ளைக்குச் செய்கிற மாதிரி என் பிள்ளைக்கு நடந்தது.

"ஆமென்" என்றது கூட்டம். அதே நொடியில் இவர் குனிந்து பெனிட்டாவின் காதில் வாயை வைத்துவிட்டார். வாசலில் பேண்டு செட் அடித்துக் கிளப்பியது. இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அழுதாள். இவர் நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் புற்று திரும்பி வந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. படுக்கையில் கிடந்தவரிடம் நான் கேட்டேன், "அன்னைக்கு அவ காதுல என்னதான் சொன்னீக?" கோயம்புத்தூர் இருக்கிற திசையைக் கையால் காட்டிச் சிரித்தார். அவளைக் கேட்டுக்கொள் என்று அர்த்தம். கடைசிவரை பிடிவாதம். சிரித்துக்கொண்டுதான் இருந்தார், அதைச் சொல்ல வேண்டும்.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பெனிட்டா வந்தாள். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். சுற்றி எல்லாக் குடும்பமும் அவரவர் கல்லறையில் நின்று செபம் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஆத்தா, இப்பயாவது சொல்லு. அப்பா உன் காதுல என்ன சொன்னாக?"

மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"கேக்கலம்மா."

"என்னது?"

"ஒண்ணுமே கேக்கலம்மா. பேண்டு சத்தத்துல காதே அடைச்சுப் போச்சு. அப்பா மூச்சு மட்டும் சூடா வந்து பட்டுச்சு. என்னமோ நெறையச் சொன்னாக. நான் சும்மா தலைய ஆட்டுனேன்."

"பிறகு கேட்டுருக்கலாம்ல, பாவி மகளே. மறுவீட்டுக்கு வந்தப்பக் கேட்டுருக்கலாம்ல."

"எப்படிம்மா கேக்க? மறுபடி கேட்டா, அன்னைக்கு எனக்குக் கேக்கலன்னு அவுகளுக்குத் தெரிஞ்சு போகுமே. அவுக மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு நீயும் பாத்தேல்ல."

பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் நானும் ஏமாந்தேன். அவளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் சொல்லிப் பழகிய வார்த்தைகள் இந்த உலகத்தில் ஒரு காதிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஈஸ்வரபாண்டி வந்தான். கையில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி. ஒன்றை ஏற்றி ரூபன் தலைமாட்டில் வைத்துக் கும்பிட்டான். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"கல்யாணத்தன்னைக்கு மாமா வாசிச்சாகளே டீச்சர், அத நெனச்சா இன்னும் எனக்குப் புல்லரிக்குது. ஒரு எரைச்சல் இல்ல பாத்தீகளா? எங்கப்பா விட்ட கொறைய நான் சரி பண்ணிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். சரியாத்தான டீச்சர் செஞ்சிருந்தேன்?"

பெனிட்டா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அந்தக் கிதார் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் மண்ணுக்குள் இருக்கிறார், மிச்சம் நான். என் வாய் வரை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினால் என் வயிற்றெரிச்சல் தீரும். அவர் உதட்டில் விரல் வைத்து நின்றது கண்ணுக்குள் வந்தது.

"சரியாத்தான்பா செஞ்சிருந்த" என்றேன். "உங்க மாமாவுக்கு ரொம்பச் சந்தோசம்."

அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போனான். காற்று அடித்தது. அணைந்துபோன மெழுகுவர்த்தியைப் பெனிட்டா மறுபடி ஏற்றினாள்.